ஏற்றுமதிப் பயிரும் கண்காணிப்பு மென்பொருளும்: உங்கள் வயல் பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்?

முருங்கை, கறிவேப்பிலை, மா, வெண்டை, கெர்கின் வெள்ளரி என்று ஏற்றுமதிக்குப் போகும் பயிர் எதைச் செய்தாலும், வாங்க வருகிற கம்பெனிக்காரர் இப்போது சர்வே எண்ணைக் கேட்கிறார். வயலின் நடுவே நின்று கைபேசியில் இடத்தைப் பதிகிறார். கடைசியாக மருந்து அடித்தது எப்போது, அடித்தவர் யார், கையுறை போட்டிருந்தாரா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். "காய் வாங்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். அவர் குறித்துக்கொண்டு போவது ஒரு மென்பொருளுக்குள் போகிறது. நாளைக்கு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறந்து சோதித்து, அதில் நஞ்சு இருக்கிறது என்று சொன்னால், பெட்டியின் மேலுள்ள எண்ணை வைத்துச் சில நிமிடங்களில் உங்கள் வயல் வரை வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் பக்கம் பேசக்கூடியது நீங்கள் எழுதி வைத்த பதிவேடு ஒன்றுதான். எழுதாதவர் பக்கம் பேச எதுவும் இருக்காது.

இந்த மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன, அவற்றுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது என்ன, கொடுக்கக் கூடாதது என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

இது எங்கிருந்து வந்தது?

2003ஆம் ஆண்டு நம் நாட்டிலிருந்து நெதர்லாந்து போன திராட்சையில் மெத்தோமில், அசிபேட் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் எஞ்சிய நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. சரக்கு யாருடைய தோட்டத்திலிருந்து வந்தது என்று அன்றைக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை. பல தோட்டத்துப் பழம் ஒரே கன்டெய்னரில் கலந்து போயிருந்தது. ஒழுங்காகச் செய்தவரும் தவறாகச் செய்தவரும் ஒரே கெட்ட பெயரைச் சுமந்தார்கள்.

அதன் பிறகுதான் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள அபீடா நிறுவனம் 2006இல் 'கிரேப்நெட்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. தோட்டத்துக்கு ஒரு பதிவு எண். அந்த எண்ணின் பேரில் ஆய்வக மாதிரி. அந்த மாதிரி தேறினால்தான் சிப்பம் கட்டும் கூடத்துக்குள் பழம் நுழையலாம். பிறகு அக்மார்க் சான்று, பயிர்நலச் சான்று, கப்பல். ஒரு படி முடியாமல் அடுத்த படி திறக்காது. இதே முறை மாதுளைக்கு 'அனார்நெட்', மாம்பழத்துக்கு 'மேங்கோநெட்' என்று விரிந்து, காய்கறிகளையும் சேர்த்து இப்போது 'ஹார்ட்டிநெட்' என்ற ஒரே குடைக்குள் இருக்கிறது. நிலக்கடலைக்குத் தனியாக 'பீநட் நெட்', இயற்கை விளைபொருளுக்கு 'டிரேஸ்நெட்'.

2010இல் நடந்ததைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அந்த ஆண்டு மகாராஷ்டிரத் திராட்சை கிரேப்நெட்டில் எல்லாப் படிகளையும் தாண்டி, ஆய்வகத்தில் தேறி, கப்பலேறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அங்கே போன பிறகு சரக்கு நிறுத்தப்பட்டது. காரணம், குளோர்மீக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தி. கொடியின் வீண் வளர்ச்சியை அடக்கிக் காய்ப்பிடிப்பைக் கூட்ட அங்குள்ள விவசாயிகள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்த பொருள்தான். ஆனால் ஏற்றுமதிக்கு முன் இங்கே சோதிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாததை ஆய்வகம் தேடவில்லை. ஆய்வகம் தேடாததை மென்பொருள் எப்படிப் பிடிக்கும்? ஐரோப்பிய ஆய்வகம் தேடியது, கிடைத்தது. விவசாயிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் பெரும் நட்டம். அதன் பிறகுதான் அந்தப் பொருள் பட்டியலில் ஏறியது.

ஆகவே, கணினியில் பச்சை விளக்கு எரிந்தால் சரக்கு சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். கேட்ட கேள்விக்குத்தான் மென்பொருள் பதில் சொல்லும். பூச்சிமருந்து மட்டுமல்ல, டானிக், பயிர் ஊக்கி, காய் பெருக்க அடித்தது, நிறம் வர அடித்தது என்று வயலில் இறங்கிய ஒவ்வொரு பொருளும் உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். "இது மருந்தில்லை சார், சும்மா டானிக்" என்று சொல்லி விடப்படுகிற பொருளில்தான் பல நேரம் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஹார்ட்டிநெட்டில் பதிவு செய்வது எப்படி?

முதலில் உங்கள் பயிரும் அது போகும் நாடும் இந்தப் பதிவுக்குள் வருகின்றனவா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால், விண்ணப்பத்தை அங்கேயே கொடுக்கலாம். அபீடாவின் கைபேசிச் செயலி வழியாகவும் அனுப்பலாம். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி வயலுக்கு வந்து பார்த்த பிறகே பதிவு எண் கிடைக்கும். எண் ஆளுக்கு அல்ல, வயலுக்கு. இரண்டு இடத்தில் தோட்டம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

நம் ஊரில் இழுபறி வருவது இரண்டு இடங்களில். ஒன்று கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி நால்வர் பெயரில் இருக்கும் நிலத்தில் ஒருவர் மட்டும் ஏற்றுமதிக்குப் பயிர் செய்வார். மற்ற மூவர் வேறு மருந்து அடிப்பார்கள். சர்வே எண் ஒன்றுதான். இந்த நிலையில் உட்பிரிவு இல்லாமலே பதிவு செய்தால், பக்கத்துப் பாகத்தின் பழியும் உங்கள் எண்ணில் விழ வாய்ப்பிருக்கிறது. உட்பிரிவு செய்ய முடியாவிட்டால், உங்கள் பாகத்தின் எல்லையைக் கைபேசியில் சுற்றி நடந்து பதிந்து, அந்த வரைபடத்தை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது வாய்மொழிக் குத்தகை. பட்டா ஒருவர் பெயரில், வெள்ளாமை இன்னொருவர் கையில். பயிர் செய்பவர் பெயரில் தான் பதிவு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் மருந்து அடிக்கும் முடிவை எடுப்பவர் அவர்தான். நில உரிமையாளரிடம் ஒரு பக்கக் குத்தகை ஒப்பந்தமாவது எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அலுவலகம் போங்கள்.

இடத்தைப் பதியும்போது வரப்போரத்தில், புளியமர நிழலில் நின்று பதியாதீர்கள். மரத்தடியில் கைபேசி காட்டும் இடம் பல மீட்டர் தள்ளிப்போகும். சிறு வயலாக இருந்தால் அடுத்தவர் நிலத்தில் புள்ளி விழுந்துவிடும்.

கம்பெனியின் மென்பொருள் எதைப் பார்க்கிறது?

அரசு மென்பொருள் ஒரு பக்கம் இருக்க, பெரிய இறக்குமதியாளர்களும் பேரங்காடிகளும் தங்களுக்கென்று தனி மென்பொருள் வைத்திருக்கிறார்கள். சரக்கு வரும் வழியில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று கணக்கிடுவது அதன் வேலை. நாடு, பயிர், பருவம், முந்தைய ஆய்வு முடிவு, சான்றிதழ் காலாவதி, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றைச் சேர்த்து, தனக்குச் சரக்கு தருபவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் குறிக்கும் மென்பொருள்கள் உண்டு. சிவப்பு விழுந்தால் கொள்முதல் நிற்கும். ஏன் நின்றது என்று உங்களுக்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். வண்டி வராது, அவ்வளவுதான்.

தொழிலாளர் பாதுகாப்பை அவர்கள் கேட்பதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், 2024 முதல் 1,000 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. தங்களுக்குச் சரக்கு வரும் வழியில் குழந்தைத் தொழில், பாதுகாப்பில்லாத வேலை போன்றவை இருக்கின்றனவா என்று அந்த நிறுவனங்கள் கவனிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதனால்தான் நம் ஊர் வாய்க்கால் கரையில் விசைத்தெளிப்பான் பிடிக்கிறவரின் கையுறையைப் பற்றி அங்கிருந்து கேள்வி வருகிறது. குளோபல் கேப் சான்றிதழிலும் தொழிலாளர் நலனுக்கென்று தனிப் பகுதி உண்டு.

பதிவுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்ப்பதிலும் மென்பொருள் கெட்டி. 5 ஏக்கரில் ஏக்கருக்கு 200 லிட்டர் வீதம் ஒரே ஆள் 16 லிட்டர் கைத்தெளிப்பானில் இரண்டு மணி நேரத்தில் அடித்ததாக எழுதினால், 60 டேங்குக்கு மேல் வருகிறது. அது நடக்காது என்று கணக்கே சொல்லிவிடும். ஊரில் கனமழை பெய்த நாளில் மருந்து அடித்ததாக இருந்தாலும் கேள்வி வரும். தணிக்கைக்கு முதல் நாள் இரவு மூன்று மாதப் பதிவையும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடிப்பவர்கள் உண்டு. தணிக்கையாளருக்கு அதைக் கண்டுபிடிக்கக் கணினியே தேவையில்லை. மண் கறை படிந்து, ஓரம் மடங்கிய நோட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

0.01 என்றால் எவ்வளவு?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பயிருக்கு ஒரு மருந்துக்கென்று தனி அளவு குறிக்கப்படாவிட்டால், பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் உச்ச அளவு. இந்த எண்ணைச் சொன்னால் யார் மனதிலும் தங்காது. நம் கணக்கில் பார்ப்போம்.

10 டன் காயில் இந்த அளவுப்படி இருக்கலாம் என்பது மொத்தமே 100 மில்லிகிராம். குளோர்பைரிபாஸ் 20 இ.சி. மருந்தில் ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் நஞ்சு இருக்கிறது. அரை மில்லி மருந்து காயில் அப்படியே தங்கினால் போதும், 10 டன்னும் எல்லையைத் தொட்டுவிடும். குளோர்பைரிபாசுக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் நீக்கிவிட்டது. நம் கடையில் கிடைப்பதும், பல பயிர்களுக்கு இங்கே சட்டப்படி அனுமதி இருந்ததும் உண்மைதான். ஆனால் சரக்கு போகும் நாட்டின் சட்டம்தான் அங்கே செல்லும். பாசுமதி விவசாயிகள் இதைத் தெரிந்துகொண்டது குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் விஷயத்தில். அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றிருந்த அளவு, 2018 தொடக்கத்தில் 0.01 ஆக, நூறில் ஒரு பங்காக இறங்கியது.

இவ்வளவு நுண்ணிய அளவில் சோதிக்கும்போது, நீங்கள் அடிக்காத மருந்தும் உங்கள் காயில் தெரியும். பருத்திக்கு அடித்துவிட்டுக் கழுவாமல் வாடகைக்கு வந்த விசைத்தெளிப்பான், காற்றடித்த பக்கம் இருந்த அடுத்த வயல், மருந்து வைத்த அதே அறையில் அடுக்கிய பிளாஸ்டிக் கூடை எல்லாமே காரணமாகலாம். 'இயற்கை மருந்து' என்று லேபிளில் பதிவு எண்கூட இல்லாமல் விற்கப்படுவதில் ரசாயனம் கலந்திருப்பதும் உண்டு. வாடகைத் தெளிப்பானை முதலில் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஏற்றுமதிப் பயிர் இல்லாத இடத்தில் ஊற்றுங்கள். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ வேண்டாம். முடிந்தால் ஏற்றுமதி வயலுக்கென்று ஒரு கைத்தெளிப்பானைத் தனியாகவே வைத்துக்கொள்வது செலவல்ல. பக்கத்து வயல்காரர் அடிக்கும் நாளையும் உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள். அவரோடு சண்டைக்காக அல்ல; எந்த ஓரத்து வரிசைகளைத் தனியாக அறுவடை செய்து உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய.

கறிவேப்பிலை, முருங்கை விவசாயிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்தியக் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் 2014 முதலே ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கட்டுப்பாடு விதித்தது. ஆய்வு முடிவும் சான்றும் உடன் போக வேண்டும் என்றது. முருங்கைக்காயும் பின்னர் கூடுதல் சோதனைப் பட்டியலில் சேர்ந்தது. காரமடைப் பக்கமோ அரவக்குறிச்சிப் பக்கமோ ஒருவர் செய்யும் தவறுக்கு, அந்தப் பட்டியலில் சோதனை கூடுவது எல்லோருக்கும்தான்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

80 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு தெளிப்புக்கு ஒரு பக்கம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், சர்வே எண், பரப்பு, பயிரின் வயது, எந்தப் பூச்சி அல்லது நோயைப் பார்த்து அடித்தீர்கள், மருந்தின் கடைப் பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயர், தொகுதி எண், காலாவதி நாள், டேங்குக்கு எத்தனை மில்லி, மொத்தம் எத்தனை டேங்க், கலவையாக அடித்தால் எல்லாவற்றின் பெயரும், அடித்தவர் பெயர், காற்று, மழை. கடைசியாக, பக்கத்தின் அடியில் பெரிதாக ஒரு தேதி: இதற்கு முன் அறுவடை கூடாது.

ரசாயனப் பெயரை எழுதுவதில் சோம்பல் வேண்டாம். ஒரே ரசாயனம் பத்துப் பெயரில் விற்கிறது. கடைப் பெயரை மட்டும் எழுதினால், பத்து நாளில் அதே நஞ்சை வேறு பெயரில் இரண்டாம் முறை அடித்தது உங்களுக்கே தெரியாமல் போகும். எழுதக் கடினமாக இருந்தால் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். கடனுக்கு வாங்கினாலும் பில் கேளுங்கள். போலி மருந்தாலோ கலப்பட மருந்தாலோ சரக்கு திரும்பினால், தொகுதி எண் போட்ட பில் இருப்பவர்தான் கடைக்காரரையும் தயாரித்தவரையும் கேள்வி கேட்க முடியும். இல்லாதவர், அடித்த மருந்துக்கும் தானே பொறுப்பு, அடிக்காத மருந்துக்கும் தானே பொறுப்பு.

காத்திருப்புக் காலத்தில் பலரும் வழுக்குகிறார்கள். மருந்து அடித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் நடுவே விட வேண்டிய நாட்கள் அவை. அது மருந்துக்கு மட்டும் உரியதல்ல. பயிருக்குப் பயிர் மாறும். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற மருந்துக்குத் தக்காளியில் 3 நாள். அதே மருந்துக்குக் கத்தரியில் 22 நாள். கத்தரியை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம்; அப்படியானால் காய்ப்பு தொடங்கிய பிறகு இந்த மருந்தை ஏற்றுமதிக் கத்தரியில் நினைத்தே பார்க்க முடியாது. "தக்காளிக்கு அடித்தேன், மிச்சம் இருந்தது, கத்தரிக்கும் விட்டேன்" என்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். காய்ப்புக் காலத்தில் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி, பாதிக்கப்பட்ட நுனியைக் கிள்ளி அழித்தல் போன்றவையே முதல் வழியாக இருக்க வேண்டும். லேபிளோடு வரும் துண்டுச் சீட்டில் தமிழிலும் விவரம் இருக்கும். உங்கள் பயிரின் பெயரே அதில் இல்லையென்றால், அந்தப் பயிருக்கு அந்த மருந்து இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து அடிப்பவரின் உயிர்

கம்பெனி கேட்கிறது என்பதற்காக அல்லாமல் கவனிக்க வேண்டிய பகுதி இது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தபோது நஞ்சு தாக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர். உயரமாக வளர்ந்த பருத்திக்குள் நின்று அடிக்கும்போது, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போனது.

நம்மிடம் மருந்து அடிப்பது பெரும்பாலும் கூலி ஆள். முதலாளி வரப்பில் நிற்பார். ஆள் லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, வாயில் ஒரு துண்டைச் சுற்றி உள்ளே போவார். மருந்தைக் கையாலேயே கலக்குவார். குழாயைத் தூக்கிப் பிடிக்கும் பெண்ணுக்கு அந்தத் துண்டும் இருக்காது. மருந்தைக் கையாளும் தொழிலாளருக்குப் பாதுகாப்பு உடையும் மூச்சுப் பாதுகாப்பும் கொடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, முகமூடி ஆகியவற்றை ஒரு தொகுப்பாக வாங்கி வையுங்கள். வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு அடிக்க முடியாது என்று ஆள் சொல்வார். அது பொய்யில்லை, வேர்த்துக் கொட்டும். அதனால்தான் காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும் வேலையை வைக்கச் சொல்கிறோம். காற்றுக்கு முதுகு காட்டி நடக்க வேண்டும். முனை அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடுவில் பீடி, வெற்றிலை, டீ எதுவும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான். மருந்து அடித்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோரைக் கலக்கவும் அடிக்கவும் குழாய் பிடிக்கவும் விடாதீர்கள். அடித்த வயலில் மறுநாள் களை எடுக்க ஆள் விடுவதற்கு முன் லேபிளைப் பாருங்கள். குறைந்தது 24 மணி நேரமாவது போகட்டும்.

லேபிளில் இருக்கும் வைர வடிவக் குறியின் கீழ் முக்கோண நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கடுமை குறைவு என்பது மட்டுமே அதன் பொருள்.

அடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்கல், தசைத் துடிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே வயலை விட்டு வெளியே கொண்டுவந்து, உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று கொடுத்து நேரம் கடத்தாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் பாட்டிலையோ லேபிள் படத்தையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த வகை நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான முறிவு மருந்தை நேரத்தோடு கொடுக்க முடியும். ஆபத்து நேரத்தில் உங்கள் நோட்டின் அந்த ஒரு பக்கம் ஓர் உயிருக்குச் சமம்.

யார் அடித்தார், எத்தனை மணி நேரம், என்ன பாதுகாப்பு அணிந்திருந்தார், பிறகு உடல்நலக் குறை ஏதும் சொன்னாரா என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். கம்பெனி கேட்கும் தொழிலாளர் பாதுகாப்புப் பதிவுக்குத் தேவையான அடிப்படை இதிலேயே வந்துவிடும். அணியாததை அணிந்ததாக மட்டும் எழுதாதீர்கள். நாளைக்கு அந்த ஆளுக்கு ஏதாவது ஆனால், அந்தப் பொய் உங்கள் கழுத்துக்குத்தான் வரும்.

கொடுக்கக் கூடாதவை

உங்கள் பதிவு எண்ணை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். "நம்ம தோட்டத்துப் பேரில் இன்னும் ரெண்டு டன் ஏத்திக்கிறேன், கிலோவுக்கு ஒரு ரூபாய் தர்றேன்" என்று தரகர் கேட்பது உண்டு. அந்த இரண்டு டன்னில் நஞ்சு இருந்தால், நிறுத்தப்படுவது உங்கள் வயல். அடுத்த அறுவடைக்கும் உங்கள் எண்தான் சந்தேகப் பட்டியலில் இருக்கும்.

கைபேசிக்கு வரும் கடவு எண்ணைக் கம்பெனியின் களப் பணியாளருக்கு வாசித்துக் காட்டுவதற்கு முன், அவர் திரையில் என்ன திறந்திருக்கிறார் என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார், வங்கிப் புத்தக நகல் கொடுத்தால், அதன் குறுக்கே "இந்தக் கம்பெனியின் இந்தப் பயிர்ப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

கெர்கின் போன்ற ஒப்பந்தப் பயிரில் மருந்தைக் கம்பெனியே கொடுக்கும், எப்போது அடிக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள், பதிவேட்டையும் அவர்களே எழுதி எடுத்துப் போய்விடுவார்கள். வசதிதான். ஆனால் சரக்கு திரும்பினால் நட்டம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா? கம்பெனி கொடுத்த மருந்தைக் கம்பெனி சொன்ன நாளில் அடித்து வந்த எஞ்சிய நஞ்சுக்கு விவசாயியின் பணத்தைப் பிடிப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. அந்த வரியை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தை அதன்படி பதிவு செய்தால், தகராறு வரும்போது முறையிட ஓர் இடம் கிடைக்கும். களப் பணியாளர் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்திலிருந்து வந்து மாதிரி எடுத்தால் தேதி, எடை, முத்திரை எண்ணைக் குறித்து, முடிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

செயலியா, நோட்டா?

இரண்டும் வேண்டும்; ஒன்றுதான் முடியும் என்றால் நோட்டு. கைபேசி தொலையும், செயலி மாறும், கம்பெனி மாறினால் பழைய பதிவு அவர்களோடு போய்விடும். நோட்டு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும். வயலில் எழுதிவிட்டு, வாரம் ஒருமுறை பிள்ளைகளை வைத்துச் செயலியில் ஏற்றுங்கள்.

தனியாக குளோபல் கேப் சான்று வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகக் குழுவாகச் சேர்ந்தால் செலவு பங்காகும். குழுச் சான்றில் எல்லா உறுப்பினரின் வயலையும் குழுவின் உள் ஆய்வாளர் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு வயல்களைப் பார்ப்பார். 100 பேர் இருந்தால் 10 பேருடைய வயல். அந்தப் பத்தில் யார் வருவார் என்று முன்பே தெரியாது. ஒருவர் நோட்டு காலியாக இருந்தால் 100 பேரின் சான்றும் ஆட்டம் காணும் என்பதால், குழுவில் சேர்ப்பதற்கு முன் ஒரு பருவம் நோட்டு எழுத வைத்துப் பாருங்கள்.

அறுவடைக்கு முன் நீங்களே ஒரு மாதிரியைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சிய நஞ்சு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எவ்வளவு, எப்படிக் கட்டி அனுப்புவது, கட்டணம் என்ன என்பதை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். மாதிரியோடு உங்கள் தெளிப்புப் பதிவேட்டின் நகலையும் கொடுங்கள். எதைத் தேட வேண்டும் என்பது அதிலிருந்துதான் ஆய்வகத்துக்குத் தெரியும்.